தண்ணீர் விடலாமா, வேண்டாமா? முதன்முதலாகக் காய் சமைப்பவர்களுக்கு

தனியாக அறை எடுத்துத் தங்கிய முதல் வாரம் பீன்ஸ் பொரியல் செய்தேன். கால் கிலோ காய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, தட்டைப் போட்டு மூடிவிட்டுத் துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் காய் காக்கி நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது. தண்ணீரை வடித்துக் கொட்டினேன். உப்பு, மஞ்சள், தாளித்த மணம் எல்லாம் அதோடு சாக்கடைக்குப் போயின. இரவு அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "பொரியல் செய்தாயா, பீன்ஸைக் குளிப்பாட்டினாயா?" என்று கேட்டாள்.

அன்று பிடிபட்ட பாடம் இதுதான்: காய் சமைப்பதில் பாதிக் குழப்பம் தண்ணீரில்தான் இருக்கிறது. மசாலாவை எப்படி மாற்றினாலும் சமாளித்துவிடலாம், தண்ணீர் தப்பினால் மீட்க முடியாது. அதனால் காய்களை நான் மூன்று சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். புடலை, சுரை, பூசணி, முட்டைக்கோஸ் ஆகியவை உப்புப் பட்டதும் தாமே நீர் விடும். பீன்ஸ், கொத்தவரை, அவரை, வாழைக்காய் ஆகியவை கொஞ்சம் தண்ணீர் கேட்கும். வெண்டைக்காய் தண்ணீரைக் கண்டாலே வழவழத்துவிடும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு காயை எடுத்துக்கொள்வோம். அளவெல்லாம் நான்கு பேருக்கு.

தண்ணீர் கேட்கும் காய்: பீன்ஸ் பொரியல்

தேவையானவை: பீன்ஸ் 250 கிராம், எண்ணெய் 2 தேக்கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு 1 தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 2, கறிவேப்பிலை ஒரு கொத்து, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, உப்பு அரைத் தேக்கரண்டி, தேங்காய்த் துருவல் 3 மேசைக்கரண்டி.

கடையில் பீன்ஸை ஒடித்துப் பாருங்கள். 'டக்' என்று ஒடிந்தால் இளசு. வளைந்து கொடுத்தால் வாங்காதீர்கள். கழுவிய பிறகு நறுக்குங்கள், நறுக்கிய பிறகு கழுவாதீர்கள். இரு முனையையும் கிள்ளி, நாரை இழுத்துவிட்டு, நான்கைந்தாகச் சேர்த்துப் பிடித்துப் பொடியாக நறுக்குங்கள். எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும். பெரியதும் சிறியதுமாக இருந்தால் சிறியது குழைந்த பிறகும் பெரியது நறுக்கென்று நிற்கும்.

இனித் தாளிப்பு. புதிதாகச் சமைக்கிறவர்கள் அவசரப்படுகிற இடம் இதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நின்று போவோம். வாணலி காய்ந்து, அதிலிருக்கும் ஈரம் முழுவதும் போன பிறகு எண்ணெய் விடுங்கள். ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். உடனே வெடித்தால் எண்ணெய் தயார். சும்மா கிடந்தால் இன்னும் காயவில்லை. மீதிக் கடுகையும் போட்டால் படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தம் அடங்கத் தொடங்கும்போது தீயைக் குறைத்து உளுத்தம்பருப்பைப் போடுங்கள். முன்னதாகப் போட்டால் கடுகு வெடித்து முடிவதற்குள் பருப்பு கருகிவிடும். வெடிக்காத கடுகோ கசக்கும். பருப்பு பொன்னிறமாகும் வரை காத்திருக்காதீர்கள். வெளிர் மஞ்சளைத் தாண்டியதுமே மிளகாய், கறிவேப்பிலை, அடுத்த நொடியில் காய் என்று வரிசையாகப் போட்டுவிடுங்கள். மீதிச் சிவப்பை வாணலியின் சூடே பார்த்துக்கொள்ளும். பருப்பு கருகிவிட்டால் மனம் தளராமல் கொட்டிவிட்டு மறுபடி தாளியுங்கள். நட்டம் இரண்டு கரண்டி எண்ணெய்தான். கருகிய தாளிப்பில் காயைப் போட்டால் காயும் சேர்ந்து நட்டம்.

பிறகு:

1. காயை ஒரு நிமிடம் வதக்கி, மஞ்சள்தூளும் உப்பும் சேருங்கள்.
2. கால் டம்ளர் தண்ணீரைத் தெளியுங்கள். ஊற்ற வேண்டாம், கையால் தெளித்தால் போதும்.
3. முதல் மூன்று நிமிடம் மூடாமல் மிதமான தீயில் விடுங்கள். பிறகு பாதி மூடுங்கள். காயிலிருந்து வெளிவரும் இலேசான அமிலம் ஆவியோடு வெளியேற வழி வேண்டும். முழுவதும் மூடிவிட்டால் அது தட்டில் பட்டு மீண்டும் காய் மேலேயே சொட்டும், பச்சை நிறம் காக்கியாகும். என் முதல் பொரியலின் கதை அதுதான்.
4. எட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள். வேகவில்லை, தண்ணீரும் வற்றிவிட்டது என்றால் இன்னொரு கை தெளித்துக்கொள்ளலாம்.
5. ஈரம் முழுவதும் வற்றியதும் தேங்காய்த் துருவலைப் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டி அடுப்பை அணையுங்கள். தேங்காய் நெடுநேரம் சூட்டில் கிடந்தால் அதன் இனிப்பு போய்விடும்.

மிளகாயைக் கிள்ளிப் போடாமல் முழுதாகப் போட்டால் மணம் மட்டும் எண்ணெயில் இறங்கும், விதையின் காரம் உள்ளேயே இருக்கும். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் இப்படிச் செய்தால் அவர்களுக்கென்று தனியாகச் சமைக்க வேண்டியதில்லை. காரம் வேண்டுகிறவர் தன் தட்டில் மிளகாயை நசுக்கிக்கொள்ளட்டும்.

கொத்தவரையும் அவரையும் இதே முறைதான். வாழைக்காய்க்கு மட்டும், நறுக்கியதும் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். முதலில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் பிசினும் ஒட்டாது.

தண்ணீர் ஆகாத காய்: வெண்டைக்காய் வதக்கல்

கால் கிலோ வெண்டைக்காயைச் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கழுவி, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பரப்பி வையுங்கள். ஈரத்தோடு நறுக்கினால் கத்தியிலேயே நூல் இழுக்கும். அகலமான இரும்பு வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் தாளித்து, அரை அங்குலத் துண்டுகளைப் போடுங்கள். மூடவே கூடாது. ஆவி மீண்டும் உள்ளே இறங்கினால் கூழ்தான். மூன்று நான்கு நிமிடம் கழித்து ஒரு தேக்கரண்டி கெட்டித் தயிரோ புளிக்கரைசலோ விட்டுப் புரட்டுங்கள், புளிப்பு பட்டதும் வழவழப்பு அடங்கும். அடிக்கடி கிளறாதீர்கள், துண்டுகள் உடையும். பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் ஓரங்கள் சிவக்கும்போதுதான் உப்பும் அரைத் தேக்கரண்டி சாம்பார் பொடியும் போட வேண்டும். உப்பை முதலிலேயே போட்டால் காய் நீர் விட்டு, இதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகும்.

தானே நீர் விடும் காய்: புடலங்காய்க் கூட்டு

வீட்டில் பல் இல்லாத பாட்டியும் பல் முளைக்காத பேத்தியும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட வேண்டுமானால் இதைச் செய்யுங்கள்.

புடலங்காய் 300 கிராம், பாசிப்பருப்பு கால் கப் எடுத்துக்கொள்ளுங்கள். அரைப்பதற்குத் தேங்காய்த் துருவல் 4 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, பச்சை மிளகாய் 2, பச்சரிசி அரைத் தேக்கரண்டி. அரிசியைப் பத்து நிமிடம் ஊறவைத்து மற்றவற்றோடு சேர்த்து அரைத்தால் கூட்டு நீர்த்து ஓடாமல் சேர்ந்து நிற்கும்.

நறுக்கும் முன் புடலங்காயில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தயங்காமல் தூக்கி எறியுங்கள். சுரைக்காய்க்கும் இதேதான், கசக்கிற சுரைக்காய் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய்விடும். பாகற்காயின் கசப்பு வேறு, இந்தக் கசப்பு வேறு. பிறகு மேலிருக்கும் வெள்ளைப் பூச்சைக் கத்தியால் இலேசாகச் சுரண்டி, நெடுக்காகப் பிளந்து, பஞ்சையும் விதையையும் வழித்துவிட்டு அரைவட்டமாக நறுக்குங்கள்.

பருப்பை வெறும் வாணலியில் மணம் வரும் வரை வறுங்கள், சிவக்க விடாதீர்கள். ஒன்றேகால் கப் தண்ணீரில் போட்டு வேகவையுங்கள். குக்கர் வேண்டாம், அதில் பருப்பு மாவாகிவிடும், கூட்டில் பருப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால் நடுவில் சிறு வெள்ளைப் புள்ளி மட்டும் நிற்கிற பதத்தில் புடலங்காயையும் மஞ்சள்தூளையும் சேருங்கள். தண்ணீர் குறைவாகத் தெரிகிறதே என்று கை துறுதுறுக்கும். ஊற்றாதீர்கள். உப்பைப் போட்டு மூடிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள், சட்டியில் நீங்கள் விடாத தண்ணீர் நிற்கும்.

காய் வெந்து கண்ணாடி போலத் தெரிந்ததும் அரைத்த விழுதைச் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள்.

எங்கள் வீட்டில் திவசத்தன்று பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் எதுவும் அடுக்களைக்குள் வராது. அவை 'இங்கிலீஷ் காய்'. அன்று புடலை, அவரை, வாழைக்காய்தான், காரத்துக்கு மிளகு. மிளகாயும் போர்ச்சுகீசியர் வழியாக நம் கரைக்கு வந்து சேர்ந்ததுதானே. இந்தக் கூட்டில் பச்சை மிளகாய்க்குப் பதில் முக்கால் தேக்கரண்டி மிளகை வைத்து அரைத்துப் பாருங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை.

இறக்கும்போது கூட்டு நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். ஆற ஆறப் பருப்பு இறுகும். அடுப்பிலேயே கெட்டியாக்கிவிட்டால், இலையில் விழும்போது கரண்டியை விட்டு இறங்க மறுக்கும்.