செவலையைப் பாறையிலிருந்து இறக்கிய விதம்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கருங்கல் குன்றில் ஏறினோம். நானும் தம்பியும், எங்கள் நாட்டு நாய் செவலையும். ஏறும்போது முன்னால் ஓடியவள், இறங்கும்போது வழுக்குப் பாறையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். இறக்கத்தில் நாயின் பாரமெல்லாம் முன்னங்காலில் விழும். ஈரப் பாசியில் நகம் பிடிக்காது. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் மூச்சுக்குழாய்தான் நெரியும்.

"நீ கீழே போய் நில்லுடா" என்று தம்பியை அனுப்பிவிட்டு, என் துண்டை அவள் முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் முதுகுக்கு மேல் சேர்த்துப் பிடித்தேன். நடந்தது அவள்தான், நான் பாரத்தை மட்டும் தாங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் அவள் கால்விரல்கள் விரிந்து பாறையைத் தடவிப் பார்த்தன. பாவம், உடம்பெல்லாம் நடுக்கம்.

பிறகு பை தைப்பவரிடம் பழைய சீட் பெல்ட் நாடாவில் நெஞ்சுப்பட்டை தைத்து, முதுகில் கைப்பிடியும் வைத்துக்கொண்டோம். அக்குளில் உரசும் இடத்துக்கு மெத்தென்ற துணி அவசியம், இல்லாவிட்டால் புண்ணாகிவிடும். நாயைப் பிடிக்கும் கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டவே கட்டாதீர்கள். நாய் சறுக்கினால் உங்களையும் இழுத்துவிடும். வீடு வந்ததும் விரலிடுக்கிலும் காதிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.