சாக்லேட் ஆகாது என்று முடிவு கட்டும் முன்

பொள்ளாச்சியில் இருக்கும் என் தங்கை மகனுக்கு அப்போது நாலு வயசு. ஊட்டி போய் வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்த ஹோம்மேட் சாக்லேட்டில் ஒரு துண்டுதான் தின்றான். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் சிவந்த தடிப்பு. "காணாக்கடியாட்ட இருக்குது, வெத்தலையும் மிளகும் குடு அம்மிணி" என்றார் அமுச்சி (பாட்டி), கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்த தடிப்பு என்று நினைத்து. ராத்திரிக்குள் தடிப்பு அடங்கிவிட்டது. இவனுக்குச் சாக்லேட் ஆகாது என்று வீட்டில் எல்லோரும் பேசி முடித்துவிட்டோம்.

நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான். இரண்டு வருஷம் சாக்லேட்டைக் கண்ணில் காட்டாமல் வளர்த்தோம். பிறகு கோபியில் ஒரு கல்யாணப் பந்தி. சப்பாத்தியை வெள்ளைக் குருமாவில் தொட்டு நாலு வாய் தின்றிருப்பான். இருமல், வாந்தி, மூச்சு விடும்போது விசில் சத்தம். குருமாவில் முந்திரி அரைத்து ஊற்றியிருந்தார்கள். அந்த ஊட்டி சாக்லேட்டிலும் முந்திரிதான் பதித்திருந்தது. அதை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறதே, அந்தக் கோக்கோவுக்கே அலர்ஜி வருவது மிக அபூர்வம். சாக்லேட் தின்று தடிப்பு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதில் கலந்திருக்கும் பால், நிலக்கடலை, முந்திரி, பாதாம், ஹேசல்நட், சோயா, கோதுமை இவற்றை. எது என்று கண்டுபிடிக்காமல் சாக்லேட்டை மட்டும் நிறுத்தினால், அதே பொருள் பாயசத்திலோ பர்பியிலோ வந்து நிற்கும். முந்திரி ஆகாத பலருக்குப் பிஸ்தாவும் ஆகாது, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சாக்லேட் தின்றால் தலைவலி, நெஞ்செரிச்சல், தூக்கமின்மை என்றால் அதையும் அலர்ஜி என்று சொல்லிவிடுகிறோம். கோக்கோவில் காஃபீனும் தியோபுரோமினும் இருக்கின்றன, அவற்றால் இப்படி ஆகலாம். பால் சேர்ந்தால் வயிறு உப்புவது பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததால் இருக்கலாம், பால் அலர்ஜி வேறு.

டார்க் சாக்லேட்டில் பால் இருக்காது என்று நம்பி வாங்குவது ஆபத்து. பால் சாக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில் அதுவும் ஓடியிருக்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகள்படி பால், முட்டை, நிலக்கடலை, பருப்புக் கொட்டைகள், சோயா, கோதுமை போன்றவற்றைப் பாக்கெட்டில் தனியே அறிவிக்க வேண்டும். 'இருக்கலாம்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதையும் படியுங்கள். லேபிளே இல்லாமல் எடை போட்டுத் தரும் சாக்லேட்டை அலர்ஜி உள்ள குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

"கொஞ்சமாத் தின்னு பார்க்கட்டும், என்னாகுதுன்னு பார்ப்போம்" என்று வீட்டில் சோதிக்கவே கூடாது. தின்னக் கொடுத்துப் பார்க்கும் சோதனை மருத்துவமனையில், டாக்டர் கண் முன்னால் நடக்க வேண்டியது. ரத்தப் பரிசோதனைத் தாளில் பத்து உணவு பாசிட்டிவ் என்று வந்தவுடன் பத்தையும் நிறுத்துவதும் தவறு. தின்றபோது உடம்பு காட்டிய அறிகுறியோடு சேர்த்துத்தான் அந்தத் தாளுக்கு அர்த்தம். ஆகவே என்ன தின்றான், எத்தனை நிமிஷத்தில் என்ன ஆச்சு என்று எழுதி வையுங்கள். உறையைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் கொண்டு போங்கள்.

உயிர் போகக்கூடிய தவறு ஒன்று இருக்கிறது. மூச்சிரைப்பு, குரல் கம்முதல், நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம் இவற்றில் ஏதாவது வந்த பிறகும் செட்ரிசின் கொடுத்துக் காத்திருப்பது. அந்த மாத்திரை அரிப்பைக் குறைக்கும். அடைத்த மூச்சுக்குழாயைத் திறக்காது, இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்றாது. அதற்குத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கமாக இருந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்கார விடுங்கள், நடக்க வைக்காதீர்கள். ஊசி போட்டுச் சரியானவுடன் வீட்டுக்குக் கிளம்பவும் வேண்டாம், சில மணி நேரம் கழித்து அதே அறிகுறிகள் மறுபடி வரக்கூடும்.

பரிசோதனையில் பையனுக்கு முந்திரியும் பிஸ்தாவும்தான் ஆகாது என்று தெரிந்தது. கொட்டை கலக்காத சாக்லேட்டை லேபிள் பார்த்துத் தின்கிறான். விசேஷ வீட்டில் பந்திக்கு முன்னால் தங்கை நேரே சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

"ஏனுங்கண்ணா, குருமாவுக்கு என்ன அரைச்சீங்க?"

"தேங்காயும் கசகசாவும்தானுங்க. முந்திரி பாயசத்துல போட்டிருக்கோம்."

"அந்தக் கரண்டி இதுல படலீங்களே?"