ஊர் ஒற்றுமைக்கு ஒரு பிட் நோட்டீஸ்: முதல்முறை எழுதுபவர்களுக்கு

2024 மார்ச் கடைசி வாரத்தை நினைத்துப் பாருங்கள். 25-ஆம் தேதி பங்குனி உத்திரம், 29 புனித வெள்ளி, 31 ஈஸ்டர். நடுவே ரமலான் நோன்பும் ஓடிக்கொண்டிருந்தது. ஹிஜ்ரி ஆண்டு நம் ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் நோன்பு வருடா வருடம் முன்னால் நகர்ந்து, சில வருடங்களில் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அப்போதுதான் ஊர்க் கமிட்டியில் யாராவது, "ஒற்றுமையா இருக்கணும்னு ஒரு நோட்டீஸ் போடலாமே" என்பார்கள். எழுதுகிற வேலை கூட்டத்திலேயே வயதில் சிறியவர் தலையில் விழும். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

1. முதலில் கூட்டம், அப்புறம்தான் பேனா

ஊருக்கு இருக்கும் கவலை என்ன என்று கேளுங்கள். தேர் எந்தத் தெரு வழியாக வரும்? பள்ளிவாசல் முன்னால் மேளம் எப்போது நிற்கும்? சிலுவைப்பாதை போகும்போது குழாய் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்குமா? இதற்கெல்லாம் முடிவு எடுக்காமல் எழுதினால் "ஒற்றுமையே பலம்" என்ற ஒரு வரிதான் மிஞ்சும். அதை யாரும் படிப்பதில்லை.

தர்மகர்த்தா, ஜமாத் தலைவர், பங்குத்தந்தை மூவரையும் கூப்பிட்டுவிட்டு, காலனித் தெருவிலிருந்து ஒருவரைக்கூடக் கூப்பிடாத கமிட்டிகள் உண்டு. அந்தத் தெருவில் நோட்டீஸ் கொடுக்கப் போகிறவர் எந்த முகத்தோடு போவார்? மகளிர் குழு, ஆட்டோ ஸ்டாண்ட் ஆட்களும் வரட்டும். ஊரில் என்ன பேச்சு ஓடுகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

2. நாமா, நாங்களா?

நான் எழுதிய முதல் நோட்டீஸில் இப்படி ஒரு வரி: "சிறுபான்மை மக்களுக்கு எங்கள் ஊர் என்றும் பாதுகாப்பாக இருக்கும்." எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது. டீக்கடை பாய் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "தம்பி, உங்க ஊர்ல நான் வாடகைக்கா இருக்கேன்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

தப்பு 'எங்கள்' என்ற சொல்லில் இருந்தது. தமிழில் 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். 'நாம்' என்றால் உள்ளே வந்துவிடுகிறார். எனவே ஊரைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் 'நாம்', 'நம் ஊர்'. கமிட்டி பொறுப்பேற்றுக்கொள்ளும் இடத்தில் மட்டும் 'நாங்கள்'. எழுதி முடித்ததும் இந்த ஒன்றை மட்டும் தனியாகச் சரிபாருங்கள்.

'மாற்று மதத்தினர்', 'சகோதர சமயத்தினர்' போன்ற சொற்களும் வேண்டாம். யாரிடமிருந்து மாற்று? 'தொப்புள்கொடி உறவு' மேடைகளில் தேய்ந்துபோன சொல். அதையும் விட்டுவிடலாம்.

3. நடக்கப்போவதை எழுதுங்கள்

மாதிரிக்கு:

"நம் ஊர்த் தேர் திங்கள் மாலை 4 மணிக்குக் கிளம்பி, 6 மணிக்குள் பள்ளிவாசல் தெருவைக் கடந்துவிடும். அந்தத் தெருவில் நீர்மோர்ப் பந்தல் ஜமாத்தார் பொறுப்பு. வெள்ளியன்று சிலுவைப்பாதை முடியும்வரை கோயில் ஒலிபெருக்கி ஓடாது. ஏதாவது வதந்தி காதில் விழுந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் கீழே உள்ள இரண்டு எண்களில் ஒன்றைக் கூப்பிடுங்கள். நடுராத்திரி ஆனாலும் நாங்கள் எடுப்போம்."

இதில் 'ஒற்றுமை' என்ற சொல்லே இல்லை, பார்த்தீர்களா? நோன்பு இருப்பவர்கள் தாகத்தோடு நின்று மோர் ஊற்றப் போகிறார்கள் என்று படித்தாலே போதும். ஆனால் கூட்டத்தில் ஒப்புக்கொண்டதை மட்டும்தான் எழுத வேண்டும். எழுதியபடி நடக்காவிட்டால், நோட்டீஸ் போடாமலே இருந்திருக்கலாம்.

4. பெயர்களும் அடையாளங்களும்

சண்டை வரும் இடம் இதுதான். யார் பெயர் முதலில் என்று பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். அகர வரிசை என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். உச்சியில் பிள்ளையார் சுழி, 786, சிலுவை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடும் வழக்கம் உண்டு. போட்டால் எது நடுவில் என்ற கேள்வி வரும். ஊர்ப் பெயரை மட்டும் பெரிதாகப் போடுவது என் வழக்கம். புகைப்படம் யாருக்கும் வேண்டாம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து போதும். நிறம் சேர்த்தால் அது எந்தக் கட்சி நிறம் என்று தேடுவார்கள்.

5. அச்சும் ஆட்டோவும்

அச்சகத்தில் புரூஃப் வந்ததும் தொலைபேசி எண்ணை அழைத்தே பாருங்கள். ஓர் இலக்கம் மாறினால் யார் வீட்டிலோ மணி அடிக்கும். வீட்டுக்கு ஒன்று, கடைகளுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் கொஞ்சம் கூடுதல் என்று கணக்குப் போடுங்கள்.

ஆட்டோவில் குழாய் கட்டிச் சொல்வதானால் நோட்டீஸை அப்படியே படிக்காதீர்கள். ஒரு வீட்டைக் கடக்கும் நேரத்தில் இரண்டு வாக்கியம்தான் காதில் விழும். நாளும் தெருவும் முதலில் வரட்டும். காவல் நிலைய அனுமதி முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பிளெக்ஸ் வைப்பதற்கும் அனுமதி வேண்டும். சிறிய ஊருக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

கொடுப்பதற்கு இருவர் இருவராக, வேறு வேறு தெருக்காரர்களைச் சேர்த்து அனுப்புங்கள். டீக்கடைக்கு நானே போவேன். பாய் இப்போதும் முதல் வரியில் 'எங்கள்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவரில் ஒட்டுகிறார்.