விடுமுறையில் வைத்த புத்தகப் பெட்டிகளும் கறையானும்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இருந்த விடுதி அறையை நீண்ட விடுமுறைக்காக ஒப்படைத்தபோது, என் புத்தகங்களைக் காட்போட் பெட்டிகளில் கட்டி, கொக்குவிலில் சின்னம்மா வீட்டுப் பின்னறையில் வைத்தேன். சில நாள்களில் அடிப்பெட்டியின் மூலையில் செம்மண் கோடு ஒன்று ஏறியிருந்தது.

மண்ணெண்ணெய் தடவினேன், கோடு வேறு பக்கத்தால் வந்தது. பூச்சி உருண்டைகளாலும் பயனில்லை. பெட்டிகளை வாங்கில் ஏற்றிய பின்னும் கறையான் நிற்கவில்லை. வாங்கின் கால்களோ சுத்தமாகவே இருந்தன.

பெட்டியின் பின்விளிம்பு சுவரைத் தொட்ட இடத்தில், பென்சில் பருமனான மண்குழாய் ஒன்று சுவரோடு ஒட்டி இறங்கி, தரையோரத்து வெடிப்புக்குள் போவதைப் பிறகுதான் கண்டேன். உலர்ந்த காற்றில் உடல் வற்றிவிடும் என்பதால் கறையான் இத்தகைய குழாய்க்குள்ளேயே நடமாடும். அதில் சிறு துண்டை உடைத்துவிட்டு மறுநாள் பார்த்தபோது, ஈரமண்ணால் மூடப்பட்டிருந்தது. ஆகவே அந்தப் பாதை இன்னும் பாவனையில் இருந்தது.

வாங்கைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களைப் பால்மாப் பேணிகளில் நிறுத்திக் கழிவு எண்ணெய் ஊற்றினேன். வெறும் தண்ணீர் விட்டால் டெங்கு நுளம்பு பெருகும். புத்தகங்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மாற்றி, வெடிப்பைச் சீமெந்தால் அடைத்தேன். மீண்டும் உடைத்த குழாய் அப்படியே கிடந்தது. விடுதி திறந்தபோது மிஞ்சிய புத்தகங்கள் அனைத்தும் சேதமின்றித் திரும்பியதில் பெரும் நிம்மதி.