செட்டிநாட்டு வீடுகளைக் காரில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

செட்டிநாட்டுக்குப் போகிற பலர் ஒரே நாளில் பத்து வீடு பார்க்கக் கிளம்பி, பத்துப் பூட்டிய கதவுகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். உள்ளே விடுகிற வீடுகள் கொஞ்சம்தான். அதனால் ஒரு வீட்டை ஆற அமரப் பார்ப்பது, மற்றதைத் தெருவில் நடந்தே ரசிப்பது என்று திட்டம் போடுங்கள். திருச்சியிலிருந்து குடும்பத்தோடு இரண்டு நாள் போவதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

படி 1: தேதியும் தங்குமிடமும்

மார்கழி, தை மாதங்கள் நல்லது. சித்திரை வெயிலில் வேண்டவே வேண்டாம். காரைக்குடியில் எல்லா வாடகைக்கும் லாட்ஜ் உண்டு. கானாடுகாத்தானில் பழைய வீடுகளையே விடுதிகளாக்கியிருக்கிறார்கள். வாடகை கூடுதல்தான், கட்டுப்படியானால் ஒரு ராத்திரி அங்கே தங்கலாம்.

படி 2: முதலில் திருமயம்

விடியற்காலையில் கிளம்புங்கள். புதுக்கோட்டையைத் தாண்டிச் சுமார் 20 கிலோமீட்டரில், 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை. வெயில் ஏறுமுன் மேலே போய்விட வேண்டும். உச்சியில் பீரங்கி இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது போதும். அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைக் கோயில்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

படி 3: கானாடுகாத்தானில் நடை

காரை ஓரமாக விட்டுவிட்டு நடங்கள். ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில் இருக்கும். அந்த நீளத்தை நடந்தால்தான் உணர முடியும். காவலுக்கு இருப்பவரிடம், "அண்ணே, உள்ளே பார்க்கலாமா?" என்று கேளுங்கள். விட்டால் கையில் ஏதாவது கொடுங்கள், இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பங்காளிகள் கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று வந்து கூடும் நாளில் கேட்காமலிருப்பதே மரியாதை.

படி 4: ஆத்தங்குடி, அவசரப்படாமல்

இங்கே பெரிய வீடு ஒன்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். முழுசாகப் பார்க்க வேண்டிய வீடு என்று நான் சொன்னது இதைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, திண்ணையில் கொஞ்சம் உட்கார்ந்து, அப்புறம் உள்ளே போங்கள். வளவுதான் இந்த வீடுகளின் உயிர்: நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. வீடு இவ்வளவு பெரிது, அறை மட்டும் ஏன் இத்தனை சிறிது என்று பிள்ளைகள் கேட்பார்கள். சாமான் வைக்கவும் படுக்கவும்தான் அறை. மற்றபடி வாழ்க்கையெல்லாம் வளவிலும் அதற்குப் பின்கட்டிலும். பர்மாத் தேக்குத் தூணைத் தொட்டுப் பாருங்கள், சுண்ணாம்புப் பூச்சுச் சுவரையும்தான். நூறு வருஷத்துக்குப் பிறகும் வழுவழுவென்று இருக்கும்.

அடுத்து, அதே ஊரில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) செய்கிற ஒரு பட்டறை. கண்ணாடித் தட்டின்மேல் உலோக அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் பூ அப்படியே நிற்கும். அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு மட்டம் தட்டி, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காய வைப்பார்கள். சூளை கிடையாது, பளபளப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது. வேலை நடக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள், ஞாயிறு வேண்டாம்.

படி 5: மறுநாள்

காலையில் பிள்ளையார்பட்டி. சங்கடஹர சதுர்த்தியன்று கூட்டம் தாங்காது. பிறகு காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, மெஸ்ஸில் சாப்பாடு. வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் எல்லா நேரமும் கிடைக்காது, முன்னாலேயே போன் பண்ணிக் கேளுங்கள். கடைசியாக முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்குவாளி, மரப்பெட்டி, பித்தளைச் சாமான் எல்லாம் குவிந்து கிடக்கும். சொன்ன விலைக்கு வாங்காதீர்கள், பேரம் பேசலாம். டிக்கியில் இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.