முதல் ஆய்வேட்டுக்குத் திட்டம் போடுவது எப்படி?

முதுகலை உளவியல் மாணவர்கள் பலரும் முதலில் ஒரு கேள்வித்தாளைத் தேடிப் பிடிக்கிறார்கள், அப்புறம் ஆட்களைத் தேடுகிறார்கள். தரவெல்லாம் கைக்கு வந்தபிறகு, "இதற்கு எந்தப் புள்ளியியல் சோதனை போடுவது?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தரவு வருவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மறுபடி செய்துபார்த்த ஒரு கூட்டு முயற்சியின் முடிவு 2015இல் சயின்ஸ் இதழில் வெளியானது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் உள்ள முடிவை (தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத முடிவை) காட்டியிருந்தன. மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான் காட்டின. தரவைப் பார்த்தபிறகு சோதனையைத் தேர்ந்தெடுப்பதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

படி 1: கேள்வியைக் குறுக்குங்கள்

"கைபேசி மனநலத்தைக் கெடுக்குமா?" என்று பேசிக்கொண்டிருக்கலாம், ஆய்வு செய்ய முடியாது. இப்படி மாற்றிப் பாருங்கள்: தூங்கும் முன் ஒரு மணி நேரம் கைபேசியைத் தொடாத மாணவர்களுக்கு, வழக்கம்போல் பயன்படுத்துபவர்களைவிட, ஒரு மாத முடிவில் மன அழுத்த மதிப்பெண் குறைவாக இருக்குமா? யார், எது, எப்போது என்பதெல்லாம் இதிலேயே வந்துவிட்டது. கைபேசி விதி சாரா மாறி (நாம் மாற்றுவது), அழுத்த மதிப்பெண் சார்ந்த மாறி (அதனால் மாறுகிறதா என்று அளப்பது).

யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யுங்கள். அவரவர் விருப்பத்துக்கு விட்டால், ஏற்கெனவே ஒழுங்காகத் தூங்குபவர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள்.

படி 2: அளவுகோலை வரிவரியாகப் படியுங்கள்

அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். பி.எஸ்.எஸ்-10 என்ற மன அழுத்த அளவுகோலை எடுத்துக்கொள்வோம். 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. அது கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கிறது. உங்கள் ஆய்வு இரண்டே வாரம் நடந்தால், பாதிப் பதில் ஆய்வுக்கு முந்தைய நாட்களைப் பற்றியதாக இருக்கும். மேலே ஒரு மாதம் என்று வைத்தது அதனால்தான்.

அடுத்து, 4, 5, 7, 8ஆம் கேள்விகள் நல்ல விதமாகக் கேட்கப்பட்டவை. "பிரச்சினைகளைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை இருந்ததா?" என்கிற மாதிரி. இவற்றின் மதிப்பெண்களைத் திருப்பிப் போட வேண்டும்: 4 என்றால் 0, 3 என்றால் 1. மறந்தால் கூட்டுத்தொகையே தவறு. குரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) எதிர்பாராமல் குறைவாக வந்தால், அளவுகோலைக் குறை சொல்லும் முன் இதைச் சரிபாருங்கள்.

மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவதானால், அதன் நம்பகத்தன்மையும் (சீரான முடிவு தருகிறதா) ஏற்புடைமையும் (அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா) சோதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: எத்தனை பேர்?

"30 பேர் போதும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஜி பவர் என்ற இலவச மென்பொருளில் நீங்களே கணக்கிடலாம். இரண்டு தனிக் குழுக்கள், ஆல்ஃபா 0.05 (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு; மேலே சொன்ன குரோன்பாக் ஆல்ஃபா வேறு), திறன் 0.80 (இருக்கிற வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), இருமுனைச் சோதனை (வேறுபாடு எந்தப் பக்கம் இருந்தாலும் பார்ப்பது). நடுத்தர விளைவுக்கு (குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டின் அளவைச் சொல்லும் கோஹன் டி 0.5) குழுவுக்கு 64 பேர் வேண்டும். விளைவு 0.2 அளவுக்குச் சிறியது என்றால் குழுவுக்கு 390க்கும் மேல். நடுவில் விலகுபவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பேர் கிடைக்க மாட்டார்கள் என்றால், கேள்வியையோ வடிவமைப்பையோ மாற்றும் நேரம் இது.

படி 4: அனுமதி, முன்பதிவு

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரிடம்கூடத் தரவு வாங்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தில், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது எளிய சொற்களில் இருக்கட்டும். யாராவது கடும் மன உளைச்சலில் இருப்பது தெரிந்தால் அவரை எங்கே அனுப்புவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். உங்கள் முன் உட்கார்ந்திருப்பவர் ஒரு மனிதர்.

பிறகு கருதுகோள் (நீங்கள் எதிர்பார்க்கும் முடிவு), மாதிரி அளவு, யாரை விலக்குவீர்கள், எந்தச் சோதனை என்பதையெல்லாம், ஆய்வுத் திட்டங்களைச் சேமித்து வைக்கும் ஓ.எஸ்.எஃப் (Open Science Framework) தளத்தில் முன்பதிவு செய்யுங்கள், அதாவது தரவு வாங்கும் முன்பே எழுதிப் பதிந்து வையுங்கள். கட்டணம் இல்லை.

படி 5: முன்னோட்டம்

நாலைந்து பேரிடம் கொடுத்து, பக்கத்தில் இருந்து பாருங்கள். எந்தக் கேள்வியில் பேனா நிற்கிறது என்று கவனியுங்கள்.

படி 6: தரவும் பகுப்பாய்வும்

மூலக் கோப்பை ஒரு பிரதி எடுத்துப் பூட்டி வையுங்கள், அதில் கை வைக்க வேண்டாம். மாற்றமெல்லாம் இன்னொரு பிரதியில். பகுப்பாய்வுக்கு ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவசம். முன்பதிவில் எழுதியபடியே, இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி சோதனையைப் போடுங்கள். வேறு ஏதாவது தோன்றினால் செய்யலாம், ஆனால் "திட்டத்தில் இல்லாதது" என்று தனித் தலைப்பில் வையுங்கள்.

பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோது இந்த அளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05ஐத் தாண்டினால், "வேறுபாடு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். வேறுபாடு இருப்பதாகச் சொல்ல இந்தத் தரவு போதவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். விளைவின் அளவையும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் (அந்த அளவு எந்த வரம்புக்குள் இருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டையும்) சேர்த்துக் கொடுங்கள்.