கோடை விடுமுறை முடிந்து சென்னை திரும்புகிறீர்களா? ரயில் டிக்கெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊருக்குப் போகும்போது ஆளுக்கொரு நாளில் போகிறோம். முழுப் பரீட்சை முடிந்த கையோடு சிலர், மே மாதம் பாதியில் சிலர். திரும்புவது மட்டும் எல்லோரும் ஒரே நாளில்: பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு இரவு. நெல்லை, பொதிகை, முத்துநகர், கன்னியாகுமரி, பாண்டியன், மலைக்கோட்டை என்று சென்னை போகும் இரவு வண்டி எதிலும் அன்று இடம் இருக்காது.

அந்த ஞாயிறைப் பிடித்துத் தொங்குவதுதான் முதல் தவறு. வெள்ளி இரவோ சனிக்கிழமை பகலோ கிளம்பப் பாருங்கள். குழந்தைகளோடு பகல் பயணம் சிரமம் என்று பலர் வைகை, பல்லவன், குருவாயூர், வந்தே பாரத் பக்கமே போவதில்லை. மதுரையில் காலையில் வைகை ஏறினால் பிற்பகலில் எழும்பூர். ஞாயிறு முழுதும் சீருடை, புத்தகம் என்று எடுத்து வைக்க நேரம் கிடைக்கும். திங்கள் காலை வந்து இறங்கி அன்றே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் கணக்கு, வண்டி ஒரு மணி நேரம் தாமதமானாலே கெட்டுவிடும்.

அடுத்தது, பள்ளி திறக்கும் தேதி உறுதியாகட்டும் என்று காத்திருப்பது. வெயிலைப் பொறுத்து அந்தத் தேதி மாறும். 2024-ல் ஜூன் 6 என்று சொல்லி ஜூன் 10-க்குத் தள்ளிவைத்தார்கள். உத்தேசத் தேதிக்கு எடுத்து வையுங்கள். தேதி மாறினால் உடனே ரத்து செய்யுங்கள். சில நாள் முன்பே செய்தால் ஸ்லீப்பருக்கு ஆளுக்கு 120 ரூபாய்தான் போகும். கடைசி நாள் வரை இரண்டு தேதிக்கும் டிக்கெட்டை வைத்துக்கொண்டிருப்பது, காத்திருக்கும் இன்னொரு குடும்பத்தின் இடத்தை அடைத்து வைப்பது.

முன்பதிவு முன்பு 120 நாளுக்கு இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். ஜூன் 1 கிளம்பும் வண்டிக்கு ஏப்ரல் 2 காலை 8 மணிக்குத் திறக்கும். இங்கேதான் திருச்சிக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நெல்லையும் முத்துநகரும் திருச்சிக்கு வருவது நள்ளிரவுக்குப் பிறகு. ஜூன் 1 இரவு திருநெல்வேலியில் கிளம்பும் வண்டியில் திருச்சியில் ஏறுபவரின் டிக்கெட்டில் ஜூன் 2 என்று இருக்கும். ஆனால் முன்பதிவு நாள் வண்டி புறப்படும் தேதியை வைத்தே கணக்காகும், அதாவது ஏப்ரல் 2. ஜூன் 2-லிருந்து எண்ணி ஏப்ரல் 3 அன்று உட்கார்ந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இதைவிட மோசம், ‘ஞாயிறு ராத்திரி வண்டி’ என்று நினைத்து ஞாயிறு தேதிக்கே எடுத்துவிடுவது. அந்த வண்டி சனி நள்ளிரவு தாண்டியதும் போய்விடும். நீங்கள் ஞாயிறு இரவு நிலையத்துக்கு வரும்போது கையில் இருப்பது செல்லாத டிக்கெட்.

தட்கலுக்கும் இதே கணக்கு. வண்டி புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் ஏசிக்கு காலை 10, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஆதார் சரிபார்க்காத ஐஆர்சிடிசி கணக்கில் 2025 ஜூலை முதல் தட்கல் எடுக்க முடியாது. அன்று காலை உட்கார்ந்து ஆதாரை இணைக்க நேரம் இருக்காது, ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். ஒரு டிக்கெட்டில் 4 பேர்தான். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

வெயிட்டிங் லிஸ்டில் எண்ணை மட்டும் பார்த்து நம்புவது அடுத்த தவறு. வண்டி கிளம்பும் நிலையத்திலிருந்து எடுப்பவர்களுக்கான ஜி.என்.டபிள்யூ.எல் 30 உறுதியாகலாம், இடைநிலையங்களுக்கான பி.க்யூ.டபிள்யூ.எல் 10 அப்படியே நிற்கலாம். காரணம், பின்னதற்கு ஒதுக்கிய இடங்களே குறைவு. திண்டுக்கல்லில் ஏறுபவர் நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலியிலிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறும் நிலையமாகத் திண்டுக்கல்லைக் குறிப்பிட்டால் பெரிய ஒதுக்கீட்டுக்குள் வந்துவிடுவார். கட்டணம் கொஞ்சம் கூடும். ஏறும் நிலையத்தை மாற்ற மறந்தால், ஆள் வரவில்லை என்று டிடிஇ அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஆர்ஏசி கிடைத்தால் தயங்காமல் ஏறுங்கள், உட்காரவாவது இடம் உண்டு. வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏறவே முடியாது.

குழந்தை விஷயத்தில் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். 5 முதல் 11 வயது வரை பெர்த் இல்லாமல் அரைக் கட்டணத்தில் எடுக்கலாம். ஆனால் கூட்ட நாளில் பத்து வயதுப் பிள்ளையோடு ஒரே பெர்த்தில் இரவைக் கழிப்பது இருவருக்கும் தூக்கமில்லாத பயணம். தாத்தா பாட்டி கூட வந்தால் அவர்கள் இருவருக்கு மட்டும் தனி டிக்கெட்டாக, மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் எடுங்கள். எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் கீழ் பெர்த் ஒதுக்கீடு கிடைக்காது.

சிறப்பு ரயில்களைப் பலர் தேடுவதே இல்லை. எண் 0-வில் தொடங்கும். பெரும்பாலும் சில நாள் முன்புதான் அறிவிப்பார்கள். கட்டணம் சற்றுக் கூடுதல், தாமதமும் அதிகம். ஆனால் வழக்கமான வண்டிகள் நிரம்பிய பிறகு இடம் இருப்பது இவற்றில்தான். பல வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு வழியில்லாமல் முன்பதிவில்லாப் பெட்டியில்தான் போகவேண்டும் என்றால், உங்கள் ஊரிலிருந்தே கிளம்பும் வண்டியைப் பிடியுங்கள். மதுரையில் பாண்டியன் காலியாக வந்து நிற்கும். நெல்லை வரும்போதே வாசல்படி வரை ஆள் இருக்கும். 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 3 நாள் முன்பே கவுன்டரில் டிக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதைச் செய்துவிட்டால் அன்று மாலை நேராக நடைமேடை வரிசையில் போய் நிற்கலாம்.